சூரை மேட்டுப் பாம்பு

முதல் மாத்திரை விழுங்கி முப்பத்தாறு மணி நேரம் கழித்து ஜூலியாவுக்கு வேர்த்தது.

கழுத்தில் ஆரம்பித்து முதுகெல்லாம் நனைந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலின் ரெக்சின் மெத்தையில் சட்டை ஒட்டிக்கொண்டது. லூசி மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டு அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"ஜில்லுனு இருக்குதும்மா. எறங்கிடுச்சு," என்றாள் அவள்.

"பசிக்குது," என்றாள் ஜூலியா.

அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தவர் போல சின்னப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். ரைஸ் மில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியின் வராந்தாவில் மூன்று ராத்திரி துண்டை விரித்துப் படுத்த மனுஷன். திரும்பி வந்தபோது கையில் இட்லி, பொங்கல், வடை என்று மூன்று பொட்டலம் இருந்தது.

"காய்ச்சக்காரிக்கு வடையா?" என்றாள் லூசி.

"வடை எனக்கு."

லூசி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வந்தது உண்ணிக்காய்ச்சல். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஜூலியாவின் வேலையே அந்த உண்ணியைத் தேடுவதுதான். விலங்கியல் படித்துவிட்டு, பூச்சியால் வரும் நோய்களைக் கணக்கெடுக்கும் ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காய்ச்சல் பரப்பும் உண்ணி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடி வரைபடத்தில் குறிக்க வேண்டும். கண்ணுக்குச் சிக்காத சின்ன உயிர் அது. ஒரு கடுகை நாலாக வெட்டினால் அதில் ஒரு துண்டு இருக்கும், அவ்வளவுதான். புதரில் இருந்து எலியின் காதில் ஏறும். எலி இல்லாத நேரத்தில் மனுஷன் வந்தால் மனுஷன் மேல் ஏறும். கடித்த இடத்தில் வலி இருக்காது. சில நாளில் அங்கே சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். பின்னாலேயே காய்ச்சல் வரும். அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டால் டாக்டருக்கு மேலே யோசிக்க ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும். பார்க்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டு போகும்.

ஜூலியாவின் பொருக்கு இடது இடுப்பில், பாவாடை நாடா பதியும் இடத்தில் இருந்தது. குளிக்கும்போதே பார்த்துவிட்டாள். பார்த்ததுமே இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் கொப்புளம் என்றாள். லூசி கதவிடுக்கு வழியாக வேளாங்கண்ணி எண்ணெயை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர், "உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்கு மாதிரி இருக்கா?" என்று கேட்டபோது தலையை ஆட்டி இல்லை என்றாள். அவர் போன பிறகு நர்சம்மாதான் திரையை இழுத்து மூடிவிட்டு, தலையிலிருந்து கால் வரை பார்த்துக் கண்டுபிடித்தார்.

"எலி புடிக்க மலைக்குப் போன பொண்ணு நீதானே? இது இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

ஜூலியா போர்வையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கிய மறுநாள் காலையில் வெங்கடேசன் வந்தார். திட்டத்தின் பூச்சியியல் அலுவலர், அவளுக்கு மேலதிகாரி. கையில் ஒரு பை சாத்துக்குடி, தோளில் மடிக்கணினி. கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்கிறவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளைம்மா. முந்தாநாள் உங்கப்பா மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு."

"எனக்கே கண்ணாடி பாக்கப் பயம் சார்," என்றார் சின்னப்பன்.

வெங்கடேசன் மடிக்கணினியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துத் திறந்தார். கருநெல்லிப்பட்டின் வரைபடம் திரையில் விரிந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், நாற்பது வீடு உள்ள ஊர். மூன்று வாரம் ஜூலியா அங்கே தங்கி, அமிர்தம் என்பவளின் வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம் பொறி வைத்து, காலையில் எடுத்து, எலியின் காதைச் சீவி உண்ணி எண்ணிப் போட்ட படம் அது. பொறி வைத்த இடமெல்லாம் நீலப் புள்ளி. உண்ணி கிடைத்த இடம் சிவப்பு. காய்ச்சல் வந்தவர்களின் வீடு மஞ்சள். ஒன்பது மஞ்சளில் ஏழு பேர் பெண்கள். சிவப்போ மொத்தமே மூன்று. அதில் இரண்டு ஆட்டுப்பட்டியை ஒட்டி.

"நாளைக்கு மருந்துத் தூள் மேல போகுது. ஊருக்கு எட்டு மூட்டைதான். பட்டியச் சுத்திப் போட்டு, அங்க இருக்கற புதரையும் வெட்டிடலாம்னு இருக்கேன். பொம்பளைங்கதானே ஆடு பாக்கறாங்க? கணக்கு ஒத்துவருது. நீ பட்டிக்குப் போனியா?"

"போனேன் சார்."

பொய் இல்லை. ரெண்டு முறை போயிருந்தாள்.

"உன் போன்ல நீ நடந்த தடத்தையும் இதுல ஏத்திப் பாத்தேன். எல்லாம் இருக்கு. விடியற நேரத்துல மட்டும் தினமும் ஒரு அரை மணி காணோம்." அவரே யோசித்து அவரே பதில் சொல்லிக்கொண்டார். "சார்ஜ் நின்னிருக்காது. மலையில கரண்ட் அப்படி."

ஜூலியா இட்லியை மென்றுகொண்டே இருந்தாள்.

"அப்புறம் இந்த எடம்." அவர் விரல் மரவள்ளிக் காட்டுக்கும் களத்துக்கும் நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாத திட்டில் நின்றது. "சூரை மேடு. பாம்பு ஜாஸ்தின்னு பொறி வைக்கல, பொறி தூக்கற சுபாஷ் சொன்னான். விட்டது நல்லதுதான். ஆள் போகாத எடத்துல உண்ணி இருந்தா நமக்கென்ன?"

"ம்," என்றாள் ஜூலியா. கையில் இருந்த இட்லியைப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

சூரை மேட்டில் பாம்பு இருக்கிறது என்று சுபாஷிடம் சொன்னது அவள்தான்.

நடந்தது இதுதான். கருநெல்லிப்பட்டுக்குப் போன முதல் நாள், விடியும் முன்னே அமிர்தம் அவளைத் தட்டி எழுப்பினாள். ஒரு சொம்பைக் கையில் கொடுத்து, வா என்றாள். வெளியே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தது அரசாங்கம். திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத ஊர் என்று ஊர் வாசலில் ஒரு பச்சை போர்டும் உண்டு. ஆனால் தண்ணி கீழே ஓடையிலிருந்து இடுப்புக் குடத்தில் வர வேண்டும். குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் அங்கே ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அமிர்தம் வீட்டுக் கக்கூஸில் சாமை மூட்டை இருந்தது. அடுத்த வீட்டில் மரவள்ளிக் குச்சிக் கட்டு. அதற்கடுத்த வீட்டில் கோழி அடைகாத்தது.

ஆண்கள் ஓடைப் பக்கம் போவார்கள். பெண்களுக்கு முட்புதர் மண்டிய சூரை மேடு. அந்த அரை மணி நேரம் ஊரில் எந்த ஆணும் அந்தத் திசைக்குத் தலை வைத்துப் படுக்கக்கூட மாட்டான். பெண்களுக்கு அது கக்கூஸ் மட்டும் இல்லை. மாமியார் கதை, மாமனார் கதை, யார் வீட்டுப் பெண்ணை யார் கேட்டார்கள் என்கிற கதை எல்லாம் அங்கேதான் நடக்கும். ஜூலியாவுக்கு யார் பக்கத்திலும் உட்கார முடியாது. அவள் புதருக்குள் புகுந்து, முள் கிழிக்கக் கிழிக்க, கடைக்கோடிக்குப் போய்விடுவாள்.

"எலிப்பாப்பா, அந்தாண்ட சேலம் வந்துடப் போவுது, திரும்பி வா," என்று இருட்டில் அமிர்தம் குரல் கொடுப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

போகும் இடமெல்லாம் தடம் பதிகிற போனை அந்த நேரத்துக்கு அணைத்துவிடுவாள். வெங்கடேசன் சார் திரையில் தன் காலைக்கடன் கோடாக ஓடுவதை நினைத்தாலே அவளுக்குக் காது சுட்டது.

மூன்றாம் நாள் சுபாஷ் சூரை மேட்டில் பொறி வைக்கக் கிளம்பினான். பொறி தூக்கும் வேலைக்கு வந்த பையன், சொன்னதைச் செய்வான். வைத்த பொறியை விடியலில் போய் எடுக்க வேண்டும். அதாவது பெண்கள் போகிற அதே நேரத்தில். அமிர்தம் ஜூலியாவைத் தனியாக இழுத்தாள்.

"அந்தப் பையனை அங்க உடாத. எங்க போய்க் குந்துவோம் நாங்க? ஆபீசருங்ககிட்டயும் சொல்லாத. போர்டு வெச்சிக்கினு பொய்யா சொன்னீங்கன்னு வந்து நிப்பாங்க. சத்தியம் பண்ணு."

ஜூலியா சத்தியம் பண்ணினாள். சுபாஷிடம் பாம்பு என்றாள். அவன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. படத்தில் அந்த மேடு வெறுமையாக நின்றுவிட்டது.

அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கெல்லாம் போனீர்கள் என்று காய்ச்சல் வந்த பெண்களைக் கேட்டபோதும் அவர்கள் பட்டி, களம், ஓடை என்றார்கள். அந்த மேட்டை யாரும் ஒரு இடமாகவே சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இப்போது தன் இடுப்பில் பொருக்கோடு படுத்துக்கொண்டு, மரவள்ளிக் கிழங்கைத் தின்று கொழுத்த எலிகள் பக்கத்துப் புதரில்தானே இருக்கும் என்று யோசிக்கும்போது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நாளைக்கு எட்டு மூட்டையும் பட்டிக்குப் போகும். நாளன்றைக்கு விடியலில் பெண்கள் சொம்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள்.

அமிர்தத்தின் மருமகள் கமலாவும் போவாள். அவளுக்கு ஏழாம் மாசம். இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளை தங்குவது சந்தேகம். ஜூலியா அதையும் படித்திருந்தாள்.

இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் அமிர்தத்துக்குக் கொடுத்த வாக்கு போகும். அதோடு அப்பா இன்றைக்கும் வடை தின்றுகொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

"சார், நாளைக்கு நானும் மலைக்கு வரேன்," என்றாள்.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்," என்றாள் லூசி.

அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். சங்கராபுரம் வீட்டில் ராத்திரி பூராவும் லூசி திட்டித் தீர்த்தாள். விடிந்ததும், சின்னப்பனின் பழைய காலுறையை எடுத்து, மகளின் பேன்ட்டை அதற்குள் திணித்து, முழங்கால் வரை இழுத்துவிட்டாள்.

"போறதுன்னா இப்படிப் போ. எவன் சிரிச்சாலும் கழட்டாத."

ஜீப் ஓட்டிய இருசப்பன்தான் முதலில் சிரித்தார். ஜூலியா கழற்றவில்லை.

கருநெல்லிப்பட்டில் ஜீப் நின்றதும் சுபாஷும் ரெண்டு ஆட்களும் மூட்டையை இறக்க ஆரம்பித்தார்கள். வெங்கடேசன் பட்டிக்கு வழி கேட்டார். அமிர்தத்தின் புருஷன் சடையன் முன்னால் நடந்தார். ஜூலியா நேராக அமிர்தம் வீட்டுக்குப் போனாள். அமிர்தம் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கமலா கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்தாள்.

"எலிப்பாப்பா வந்துடுச்சு. இன்னா இப்படி எளச்சுட்ட? பொறிக்குள்ள உன்னய வெச்சுட்டாங்களா?"

"காய்ச்சல்க்கா. ஆஸ்பத்திரில இருந்தேன்."

அமிர்தம் முறத்தைக் கீழே வைத்தாள்.

ஜூலியா வழி முழுக்க யோசித்து வைத்திருந்த எதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை. "சார்கிட்ட சூரை மேட்டைச் சொல்லணும்க்கா," என்றாள் நேராக.

"சத்தியம் பண்ணியே."

"பண்ணேன்."

"அப்புறம் இன்னா? சொன்னா வருவாங்க. கக்கூஸைத் தொறந்து பாப்பாங்க. சாமை மூட்டையைத் தூக்கி வெளிய போடுவாங்க. போட்டோ எடுத்துக்கினு போனவங்கதானே. தண்ணி எங்கடி இருக்குதுன்னு ஒருத்தன் கேட்டானா?"

"கேக்கல."

"ஊர் ஆம்பளைங்க முன்னாடி எங்க மானம் போவும். அதுக்குக் காய்ச்சலே தேவல."

ஜூலியா முறத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். அவர்களும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டையின் இடது பக்கத்தை உயர்த்திக் காட்டினாள். பெற்ற தாய்க்கே காட்டாதது.

பொருக்கு இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம்.

"பட்டிக்கு நான் ரெண்டு வாட்டிதான் போனேன்க்கா. மேட்டுக்குத் தினமும் போனேன். எல்லாரையும் விட உள்ள போனது நான்தான்."

கமலாவின் கை தானாகத் தன் வயிற்றின் மேல் போனது.

"எனக்கும் ஏறியிருக்குமா?"

"பாக்கட்டுமா?"

போன் வெளிச்சத்தில் ஜூலியா பார்த்தாள். இடுப்பு, தொடை, அக்குள், முழங்காலின் பின்பக்கம், மார்புக்குக் கீழே. கூசுகிறது என்று கமலா நெளிந்தாள். அவசரப்படாமல் ரெண்டாம் முறையும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

அமிர்தம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கமலா சிரித்தாள், இன்னும் கூசுகிறவள் மாதிரி.

"நாளைக்கும் அங்கதானே போவா," என்றாள் ஜூலியா.

அமிர்தம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல," என்றாள். "கறுப்பா எங்கனா இருக்குதான்னு நீ கேட்ட. இல்லன்னேன்."

"ஆமா."

"இருந்துச்சு." முந்தானைக்குள் கையை விட்டு மார்புக்கு அடியில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "மஞ்சள் வெச்சேன். காஞ்சி உழுந்துடுச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? இவ இல்லன்னு சொல்லிட மாட்டாளான்னு பாக்கற மாதிரிதானே நீயே கேட்ட."

கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜூலியாவுக்கும் சிரிப்பு வந்தது. அது உண்மைதான். அப்படித்தான் கேட்டிருந்தாள்.

"அத்தே, சொல்லட்டும் அத்தே," என்றாள் கமலா.

அமிர்தம் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "நான் அந்தாள்கிட்ட சொல்ல மாட்டேன். எம் புருஷன் நிக்கறாரு அங்க. நீ சொல்லு. உம் பின்னாடி வந்து நிக்கறேன். ஆனா ஒண்ணு. பாதி சொல்லக் கூடாது. தண்ணியையும் சேத்துச் சொல்லு."

ஜூலியா ஜீப்புக்குப் போய் கறுப்புத் தட்டுகளை எடுத்தாள். வேலையில் அவளுக்குப் பிடித்த சாமான் அதுதான். புதரடியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். உண்ணி இருக்கிற மண்ணாக இருந்தால், கறுப்பின் மேல் குங்குமத் தூள் சிந்தியது போல ஏறி ஓடும். பட்டியில் வைத்தபோது மொத்தம் நாலைந்துதான் ஓடின.

தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு களத்தைத் தாண்டி நடந்தாள். பின்னால் அமிர்தம் வந்தாள். கமலா கிளம்பியபோது, "நீ எங்க வர? குந்து," என்று அமிர்தம் அதட்டினாள். வழியில் எதிர்ப்பட்ட ரெண்டு பெண்களிடம் என்னமோ கிசுகிசுத்தாள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பட்டியில் முதல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த சுபாஷ்தான் பார்த்தான்.

"அக்கா, அங்க போவாதீங்க. பாம்பு இருக்குது," என்று கத்தினான்.

பின்னால் வந்த பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அமிர்தம் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். சடையன் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"ஜூலியா, பட்டி இந்தப் பக்கம்மா," என்றார் வெங்கடேசன். "அங்க யாரும் போறதில்லையே."

ஜூலியா நின்றாள். காது சுட்டது. காலுறைக்குள் கால் வேர்த்தது. போனை எடுத்து, நடக்கிற தடம் பதிகிற பொத்தானை அழுத்தினாள். திரையில், வெறுமையான திட்டின் ஓரத்தில், அவள் நிற்கும் இடம் ஒரு புள்ளியாக வந்து விழுந்தது. மூட்டையைப் பிரித்தவர்கள் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பாம்பு இல்ல சார். கக்கூஸுக்கு இந்த ஊர்ல தண்ணி இல்ல. நாங்க பொம்பளைங்க எல்லாரும் தினமும் வெளிக்குப் போற எடம் அதுதான்."